ஜட்டிக்கு வைக்காத பேர்

என் வீட்டுக்காரருக்கு ஜட்டி எலாஸ்டிக் நெய்கிற கம்பெனியில் வேலை. இடுப்புப் பட்டையில் வரும் பிராண்டு பேரெல்லாம் அவர் தறியில்தான் ஓடும். மகள் பிறந்ததும் நான் எந்தப் பேரைச் சொன்னாலும், கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அது போன மாசம் ஓடுச்சு புள்ள, நீலத்துல வெள்ளை எழுத்து" என்பார். சாமி பேரைக்கூட விட்டு வைத்திருக்கவில்லை. திருப்பூரில் நல்ல பேரெல்லாம் முதலில் ஜட்டிக்குப் போகிறது, மிச்சம்தான் பிள்ளைகளுக்கு.

ஒருநாள் எரிச்சலில் வாய்க்கு வந்த நாலு எழுத்தைச் சேர்த்துச் சொன்னேன். அர்த்தம் ஒன்றும் கிடையாது. வெகுநேரம் யோசித்தவர், "இது ஓடல புள்ள" என்றார். அதையே வைத்தோம்.

விசேஷத்துக்கு வந்த அவருடைய முதலாளி, "பேரு புதுசா இருக்குதுங்களே" என்றார். "வேற எங்கயுமே இல்லாத பேருங்க" என்று நானே பெருமையாகச் சொன்னேன். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வீட்டுக்காரர் ஒரு துண்டு எலாஸ்டிக்கோடு வந்தார். முதலாளி சொந்தமாக ஆம்பளை ஜட்டிக் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். கருப்புப் பட்டையில் தங்க எழுத்தில் என் மகள் பேர்.

"எழுத்து சுத்தமா வந்திருக்குது பாரு" என்றார்.

வந்த கோபத்தில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மகள் பேர் நன்றாக நீண்டது. விட்டதும் பழையபடி சுருங்கிக்கொண்டது.

"நூறு சைஸ் வரைக்கும் தாங்கும் புள்ள" என்றார்.