இரண்டு முறை வந்த பாஸ்கா

பேக்கரிக்காரரைச் சபையில் எல்லோரும் ‘காலண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன் சுடுவதில் கெட்டிக்காரர். தேதி சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர் என்று அவருக்கே ஒரு நினைப்பு. அந்தச் சின்னச் சபையார் பாஸ்காவையும் புளிப்பில்லா அப்பப் பண்டிகையையும் வேதத்தில் உள்ளபடி, எபிரெய மாதக் கணக்கில் ஆசரிக்கிற கிறிஸ்தவர்கள். பத்தொன்பது வருடத்தில் ஏழு வருடங்களுக்கு ஒரு மாதம் கூடுதலாக வரும். எந்தெந்த வருடம் என்பதை மாவு அறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்.

பண்டிகை ஏழு நாளும் புளித்த மாவு ஆகாது. வருடம் முழுக்க விடியுமுன் கடைக்கு ஓடுகிற மனிதர், அப்போது மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் இருப்பார். மகளோடு செஸ் ஆடித் தோற்பார்.

போன வருடம் சுவருக்கு வெள்ளையடித்தவன் கணக்கையும் சேர்த்து அடித்துவிட்டான். “எனக்கென்ன, எல்லாம் மனப்பாடம்!” என்று மார்தட்டி மறுபடி எழுதினார். எழுதியவர் ஒரு வருடத்தை விட்டுவிட்டார். அது இந்த வருடமாகவா இருக்க வேண்டும்!

அவர் சொன்ன தேதியில் சபையார் புளித்த மாவின் துணுக்குகூட இல்லாதபடி வீட்டையெல்லாம் துடைத்து, ஏழு நாளும் புளிக்காத தட்டை ரொட்டி தின்றார்கள். பாஸ்கா வருவது முழுநிலாவில்; வானத்திலும் முழுநிலா இருந்தது, யார் சந்தேகப்படுவார்கள்? எல்லாம் முடிந்த பிறகு வேறு ஊர்ச் சபை மூப்பர் போன் செய்தார்: “அடுத்த மாசம் பாஸ்காவுக்கு எத்தனை பேர் வர்றீங்க?”

காலண்டர் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இந்த வருடத்தின் கூடுதல் மாதத்தை விட்டதில், பண்டிகையை ஒரு மாதம் முந்தியே முடித்துவிட்டிருந்தார்கள். பண்டிகைதான் முடிந்ததே என்று மகள் கல்யாணத்தை அடுத்த மாதம் வைத்திருந்தார். அது நிஜப் பண்டிகையின் நான்காம் நாளில் போய் விழுந்தது. “நானூறு பன், என் கையால!” என்று சம்பந்தி வீட்டில் வேறு பீற்றிக்கொண்டிருந்தார்.

சபையில் எழுந்து தப்பை ஒப்புக்கொண்டார். கூடமே சிரித்தது. தையல்காரர், “விடுங்கண்ணே, போன மாசம் நடந்தது ஒத்திகை!” என்றார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“மூலைமுடுக்கெல்லாம் துடைச்சு இடுப்பு ஒடிஞ்சுது. இந்தத் தடவை துடைப்பத்தை நீங்க புடிங்க.”

பிடித்தார். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளிடம் போனார்.

“உன் கல்யாணத்துக்கு என்னால பன் போட முடியாதும்மா. வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டேன்.”

“அவங்க வீட்ல நான் சொல்லிக்கறேன். நீங்க தட்டை ரொட்டியே போடுங்கப்பா.”

பண்டிகை தொடங்கியது, அடுப்பு அணைந்தது. மூன்று நாளும் செஸ் பலகையில் அடி மேல் அடி வாங்கினார். நான்காம் நாள் கல்யாணத்துக்காக மட்டும் அடுப்பை மூட்டி, பேரீச்சம்பழமும் தேனும் வைத்து மெல்லிய ரொட்டி சுட்டார். சம்பந்தி நான்கு தின்றுவிட்டு ஐந்தாவதுக்குக் கை நீட்டினார். அப்பாடா என்றிருந்தது காலண்டருக்கு.

வண்டி ஏறும் முன் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வருஷத்துக்கு ஏழு நாள்தாம்பா நீங்க எனக்குக் கிடைப்பீங்க. இந்த வருஷம் உங்க தப்பால இன்னியோட பதினொரு நாள்.”

காலண்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.