உப்புத்தாள் தேய்த்த கண்ணாடி

எங்கள் பள்ளி வேனின் முன் கண்ணாடியில், மேல்பக்கம் நடுவில், ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி சொரசொரவென்று இருக்கும். உள்பக்கமாக விரலை வைத்தால் பூனை நாக்கைத் தொட்டது போலிருக்கும். அது என் கணவர் செய்த வேலை. முரட்டுத்தனமாகச் செய்ததல்ல, மரியாதைக்காகச் செய்தது.

அந்த வேனை சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினோம். முன் கண்ணாடியின் உச்சியில் பெரிய நரசிம்மர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாங்கள் முஸ்லிம் குடும்பம். வேறு யாராவது வாங்கியிருந்தால் பிளேடை வைத்துச் சரசரவென்று சுரண்டி எறிந்திருப்பார்கள். இவருக்கு மனசு வரவில்லை. "அவங்க கும்புட்ட சாமி. மூஞ்சி மேல பிளேடு வெக்கறதா?" என்றார். வெந்நீர் ஊற்றி ஊற்றி, ஓரம் ஓரமாகக் கிளப்பி, கிழியாமல் முழுசாக எடுத்து, ஒரு தட்டில் வைத்துப் பழைய ஓனர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வீட்டு அம்மா இவருக்குக் காபி கொடுத்தாராம்.

அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடியில் பசை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மரக்கதவுக்கு வாங்கிய உப்புத்தாள் வீட்டில் மிச்சமிருந்தது. அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பசை போனது, கண்ணாடியின் வழவழப்பும் கூடவே போனது. பாத்ரூம் ஜன்னல் மாதிரி மங்கிவிட்டது. "உச்சியிலதானே, வெயிலுக்கு நல்லது" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். நான் திட்டவில்லை. சாமியிடம் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்ட மனுஷன் கண்ணாடியிடம் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியும். முறையாக லைசென்ஸும் பேட்ஜும் எடுத்து நானே உட்கார்ந்தேன். சேலையூரில் இரண்டு காலனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேம்ப் ரோடு வழியாகப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவர வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேனால்தான். ஆனால் அதற்காக மட்டும் நான் ஓட்டவில்லை. எனக்கு அந்த சீட் பிடித்திருந்தது. காலையில் கதவைச் சாத்தி, முக்காட்டை இழுத்துச் செருகி, சாவியைத் திருகும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

கேம்ப் ரோட்டில் யார் யாரை இடித்தாலும் தப்பு என்னுடையதுதான். பைக்குக்காரன் இடப்பக்கம் நுழைந்து விழுவான், கூட்டம் கூடும், டீக்கடையிலிருந்து ஒருத்தர் கிளாஸோடு வருவார், என் பக்கம் எட்டிப் பார்ப்பார், "ஓ, லேடீஸா" என்பார். தீர்ப்பு முடிந்தது. அதற்கு மேல் விசாரணையே கிடையாது.

ஒருநாள் காலை, காலனித் திருப்பத்தில் ஒரு தண்ணி லாரி திடீரென்று ரிவர்ஸில் வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். ஹாரன் அடித்தேன். பின்னால் போக இடமில்லை. லாரி வந்து என் ஹெட்லைட்டை நொறுக்கியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பேர் அழுதார்கள், அவ்வளவுதான். லாரி டிரைவர் இறங்கி வந்தவுடனே, "நின்னுகினு இருந்த வண்டி மேல வந்து வுட்டுட்டியேம்மா, கண்ணு இன்னா பின்னாலயா கீது?" என்று கத்தினான். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பெற்றோர்கள் சார்பில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அப்பா. மரியாதையான மனுஷர், ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. லேடீஸ் ஓட்டறது தப்புன்னு நான் சொல்லலை. குழந்தைங்க விஷயம் பாருங்க. பரீட்சை முடியறதுக்குள்ள ஒரு நல்ல டிரைவரா போட்டுடுங்க. இல்லேன்னா நாங்க வேற வேன் பாத்துக்க வேண்டியிருக்கும்."

"லாரிதான் சார் பின்னால வந்துச்சு" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. அவங்க வேற சொல்றாங்க" என்றார் மெதுவாக.

அவர் போனதும் என் கணவர், "ஒரு ஆள வெச்சிடலாமா?" என்றார். ஆள் வைத்தால் சம்பளம் போக எங்களுக்கு மிஞ்சுவது பெட்ரோல் வாசனை மட்டும்தான் என்பது அவருக்கும் தெரியும். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது, அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து என் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தான். கதையைக் கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு குட்டி கேமராவை எடுத்தான். அங்கே தன் காருக்கு வாங்கியதாம். "முன் கண்ணாடில ஒட்டிட்டா ரோட்டுல நடக்கறது அத்தனையும் பதிவாயிடும்க்கா. அங்கல்லாம் யாரும் கத்திக்கிட்டு நிக்க மாட்டாங்க. போலீஸ் வந்தா இதைக் காட்டுவாங்க, அவ்ளோதான்." எங்கள் பக்கத்தில் அதற்கு முன் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யார் பொய் சொன்னாலும் இது சொல்லாது என்று எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது.

ஒட்டுவதற்கு அதில் ஒரு ரப்பர் கிண்ணம் இருந்தது. கண்ணாடியில் வைத்து அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிக் கவ்விக்கொள்ளும். அதிலிருந்து ஒரு கை கீழே இறங்கும், கையின் நுனியில் கேமரா. வேறு எங்கே வைத்தாலும் கேமரா என் பார்வையை மறைத்தது. அந்த மங்கிய இடத்தில் வைத்தால் எதையும் மறைக்காது. அதற்குக் கீழே தெளிவான கண்ணாடியில் கேமரா ரோட்டை நேராகப் பார்க்கும். நான் அங்கேதான் வைப்பேன் என்று நின்றேன்.

கிண்ணம் அங்கே நிற்க மாட்டேன் என்றது. அமுக்கினால் பிடிக்கும். வண்டி கிளம்பும். முதல் வேகத்தடையில் டப்பென்று என் மடியில் விழும். உப்புத்தாள் போட்ட கோடுகள் வழியாகக் காற்று உள்ளே போய்விடுகிறது என்று தம்பி சொன்னான். எச்சில் தொட்டு ஒட்டினோம். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்து ஒட்டினோம். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைக் கொடுத்துப் பார்த்தோம். ஏப்ரல் மாத வெயிலில் டேப் இளகி வழிந்தது. என் கணவர் குற்ற உணர்ச்சியில், செருப்பு ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்தார். நான் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக்கு அவர் செய்தது போதும்.

கேமரா விழுகிற செய்தியும் காலனிக்குப் போய்விட்டது. அந்த அப்பா கேட்டில் நின்று, "அது வேற ஓட்டும்போது மேல விழுதாமே மேடம், கவனம் சிதறாதா?" என்றார். வண்டியை ஓட்டினாலும் குற்றம், சாட்சி தேடினாலும் குற்றம். விடுவதாக இல்லை என்று அப்போதே முடிவு செய்தேன். அவருக்காக இல்லை, அந்த ரப்பர் கிண்ணத்துக்காகவே முடிவு செய்தேன்.

யோசனை எனக்குக் கேம்ப் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது வந்தது. பக்கத்தில் கலர் மீன் கடை. வாசலிலேயே ஆளுயரத் தொட்டிகள், அவ்வளவு தண்ணீரையும் தாங்கிக்கொண்டு நின்றன. வெறும் கண்ணாடியும் பசையும்தானே. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓரம் கட்டினேன்.

"இன்னாக்கா, கோல்ட்ஃபிஷ்ஷா?" என்றார் கடைக்காரர்.

"மீன் வேணாம். தொட்டி ஒட்டற பசை வேணும். உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டும் அறுத்துக் குடுங்க, வழவழன்னு இருக்கணும்."

அவர் என்னையும் வேனையும் பார்த்தார். "வேன்ல தொட்டி வெக்கப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, துண்டின் ஓரங்களைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தார். "போட்டுட்டு சும்மா சும்மா கை வெச்சிடாதக்கா. நல்லா காயணும். அவசரப்பட்ட, அம்பேல்."

சிலிக்கான் பசையை அந்தச் சொரசொரப்பின் மேல் கெட்டியாகப் பூசினேன். சொரசொரப்பு இப்போது எனக்கு உதவியது. வழவழப்பான கண்ணாடியை விட அதில் பசை நன்றாகவே பிடித்தது. மேலே கண்ணாடித் துண்டை வைத்து அமுக்கி, நழுவாமல் டேப் போட்டு நிறுத்தினேன். வேன் முழுக்க வினிகர் நெடி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வண்டியைத் தொடவே இல்லை. திங்கள் காலையில் டேப்பை உரித்து, துண்டின் மேல் ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கினேன். கவ்விக்கொண்டது. கேமராவைப் பிடித்துத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தேன். வேன்தான் ஆடியது, கிண்ணம் அசையவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

அதற்கப்புறம் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பரீட்சை முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு கால்சென்டர் கார் ராங் சைடில் பறந்து வந்து என் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கினான், கத்தினான், கூட்டம் கூடியது, ஒருத்தர் எட்டிப் பார்த்து "ஓ, லேடீஸா" என்றார். நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டேன். சாயங்காலம் தம்பியோடு காலனிக்குப் போனேன்.

அந்த அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் தம்பி மெமரி கார்டைச் செருகினான். இன்னும் சில பெற்றோர்களும் வந்திருந்தார்கள். திரையில் கேம்ப் ரோடு வந்தது. இடது ஓரத்து நடைபாதை அசையாமல் இருக்கிறது, அதாவது என் வேன் நிற்கிறது. எதிரே கார் ராங் சைடில் வருகிறது. நான் ஹாரன் அடிக்கிற சத்தம். பிறகு இடி. பின்சீட்டில் ஒரு குழந்தை, "ஆன்ட்டி, நாம நின்னுட்டுத்தானே இருந்தோம்?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருந்தது.

ஒருத்தர் திரும்பப் போடச் சொன்னார், தம்பி போட்டான். பிறகு அந்த அப்பா எழுந்து நின்று, மனதாரச் சொன்னார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ரொம்ப நல்லது மேடம். கேமரா இருக்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்லை. நீங்களே ஓட்டுங்க."

ஜெயித்துவிட்டேன் என்று தம்பி என் தோளைத் தட்டினான். எனக்கோ உள்ளே சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் அவர் பெண்ணை ஏற்றி இறக்கியிருக்கிறேன். மழையில் என் முக்காட்டை அவள் தலையில் போட்டுக் கேட் வரை கூட்டிப் போயிருக்கிறேன். அவர் நம்புவது துபாயிலிருந்து வந்த ஒரு டப்பாவை. பக்கத்துக் காலனிக்கு வரும் வேன் டிரைவர் போன வருஷம் ஒரு சுவரையே இடித்தார். அவரை யாரும் கேமரா கேட்கவில்லை.

எல்லோரையும் கீழே வேனருகே கூப்பிட்டேன். கதவைத் திறந்து, ரப்பர் கிண்ணத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அத்தனை பாடுபட்டு நிற்கவைத்தது, ப்ளக்கென்று என் கையில் வந்தது. தம்பி கையில் கொடுத்தேன்.

"சார், இது வண்டி ஓட்டல. நான்தான் ஓட்டறேன். நாளைக்குக் காலைல இது இல்லாமத்தான் வருவேன். அனுப்பறவங்க அனுப்புங்க."

"மேடம், நான் அந்த அர்த்தத்துல சொல்லலை..." என்றார்.

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் சரி சார். வழக்கமான நேரம்தான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி திட்டினான். இவ்வளவு கஷ்டப்பட்டு நிரூபித்துவிட்டு இப்படி யாராவது கெடுத்துக்கொள்வார்களா என்றான். கெடுத்துக்கொண்டேனோ என்று எனக்கும் தோன்றியது. என் கணவர் மட்டும், "உன் இஷ்டம், நீதானே ஓட்டற" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் காலனியில் எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். இரண்டாவது காலனியில் அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் பிரேக் போட்டேன். கேட் சாத்தியிருந்தது. ஹாரன் அடிக்கக் கூடாது என்று கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட் திறந்தது. அவரே பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். கேமரா இல்லாத கண்ணாடியை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கதவை அவரே சாத்தினார், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய் எனக்கு வழிவிட்டார்.