ஒரு கலயம் பழைய தண்ணீர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. இரண்டு கண்ணாடித் தம்ளர்களுக்கு முன்னால் நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றில் இளம் ரோஜா நிறத்தில் தண்ணீர். மற்றதில் நனைந்த சாக்கைப் பிழிந்தது போலப் பழுப்பாக. இரண்டும் ஒரே பீப்பாயில் பிடித்தது. இடையில் போனது ஒரு மணி நேரம்.

இருபதடி தள்ளி ஒரு டெண்டுக்குள் செல்லம்மா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

பொறுங்கள்... நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

நான் நில அளவை கேம்ப்பில் எழுத்து வேலை பார்க்கிறவன் என்பது வாரா வாரம் இந்த இடத்தில் என்னைச் சந்திக்கிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் முப்பது பேர். வயலுக்கு வயல் சங்கிலி பிடித்து அளப்போம். ஒரு ஊர் முடிந்தால் டெண்டைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். இப்படித் தோப்புத் தோப்பாகக் குடியிருக்கிறவனுக்கு எதன் மேல் பயம் அதிகம்? பாம்பா? திருடனா? இரண்டும் இல்லை — தண்ணீர்! ஊர்க்காரனுக்குத் தன் கிணற்றைத் தெரியும். எங்களுக்கு மாதம் ஒரு கிணறு. எதன் வயிற்றில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

அதற்குத்தான் பீப்பாய் வண்டி. மாட்டு வண்டி மேல் படுத்துக் கிடக்கும் பெரிய மரப் பீப்பாய். ஒரு காலத்தில் சாராயம் சுமந்து, பிறகு மனம் திருந்தித் தண்ணீருக்கு வந்தது. மேலே ஒரு மூடி, கீழே ஒரு பித்தளைக் குழாய். யாரும் கை விட்டு மொள்ள வேண்டியதில்லை. யார் பாத்திரம் யார் தண்ணீரில் பட்டது என்ற சண்டை எங்கள் கேம்ப்பில் அதனால்தான் இல்லை.

வண்டிக்காரர் பெயர் சுடலை. பேச்சு குறைவு, வேலை அதிகம். அவர் மனைவிதான் செல்லம்மா. ஆட்களுக்கெல்லாம் சமையல் அவள் கை. பேச்சும் அவளிடம்தான். புருஷனுக்குச் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

பீப்பாயின் சுத்தம் கம்பவுண்டர் ஞானமுத்துவின் பொறுப்பு. பாளையங்கோட்டைக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் — சில சமயம் சொன்னால் நன்றாயிருக்கும் என்று நமக்கே தோன்றும். சனிக்கிழமை விடிந்ததும் பீப்பாயைக் காலி செய்யச் சொல்வார். கொதிக்கிற வெந்நீர், சுண்ணாம்பு, தேங்காய் நார். தேய்த்து முடித்ததும் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார், சம்பந்தி வீட்டுச் சாம்பாரை மோந்து பார்க்கிற மாதிரி! பிறகு கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஒன்பது மணிக்குச் சிவப்பு மருந்து போடுவார்.

அந்த மருந்தைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் வைத்தால் கறுத்த மணல். தண்ணீரில் விழுந்தாலோ... அடடா! ஊதா நூல் நூலாக இறங்கும். இறங்கிய நூல் புகையாக விரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் ரோஜா நிறம். நான் முதன்முதலில் பார்த்த அன்று சோற்றுக்குப் போகவே மறந்துவிட்டேன்.

"இது மருந்து மட்டுமில்ல, சாட்சியும்" என்பார் கம்பவுண்டர். "தண்ணி சுத்தமா இருந்தா இந்த நெறம் அப்படியே நிக்கும். அழுக்கு கெடந்தா, அது நெறத்தைத் தின்னுபோடும். அரை மணி நேரம் நின்னுச்சுன்னா மறுநா காலையில தைரியமாக் குடியும்."

அழுக்கு நிறத்தைத் தின்னும்! இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரோடு பத்து ஊர் சுற்றலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்குநேரிக்கு வருமுன் மேற்கே ஒரு கிராமத்தில் இருந்தோம். அங்கே வாந்திபேதி கண்டது. இரண்டு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதுமே கம்பவுண்டர் கேம்ப்பைக் கலைக்கச் சொல்லிவிட்டார். பத்து மைல் தள்ளி இந்த மாந்தோப்பு. புதுக் கிணறு. சனிக்கிழமை பீப்பாயைக் கழுவி, நிரப்பி, மருந்து போட்டுப் பார்த்தால் நிறம் நின்றது. அப்பாடா என்று இருந்தோம்.

மூன்றாம் நாள், டெண்ட் அடிக்கிற மேலப்பாளையம் மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அடுத்து ஒரு சங்கிலி ஆள். இருவரும் பிழைத்தார்கள். கம்பவுண்டர் கிணற்றுக்கு ஓடினார், சோதித்தார் — நிறம் நின்றது! அடுத்த சனிக்கிழமை பீப்பாயை இரண்டு தடவை கழுவச் சொன்னார். நிறம் நின்றது! வியாழக்கிழமை செல்லம்மா விழுந்தாள்.

அவளுக்கு வந்தது லேசில் விடவில்லை. ஒரே நாளில் கண் குழியில் போய்விட்டது. விரல் நுனி சுருங்கி, குரல் கம்மி... முப்பது பேரை அதட்டிச் சோறு போட்டவள் "தண்ணி" என்று சொல்லவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். சுடலை பக்கத்திலேயே இருந்து, பீப்பாயிலிருந்து பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்.

"எங்கேயோ ஓட்டை இருக்கு வே" என்றார் கம்பவுண்டர் என்னிடம். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் சாப்பிடவில்லை. "அது எங்கனன்னு தெரியாம, இவளுக்கு நான் கஞ்சி ஊத்தி என்ன, மருந்து ஊத்தி என்ன?"

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை. வழக்கம் போலக் கழுவல், நிரப்பல், மருந்து. பத்து மணிக்குக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துப் பார்த்தார். ரோஜா நிறம். என்றைக்கும் அதோடு எழுந்து போய்விடுகிறவர், அன்றைக்குப் போகவில்லை. தம்ளரை ஒரு பெட்டி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் செல்லம்மாவுக்கு உப்புப் போட்ட வடிகஞ்சி கொடுக்கிற நேரம் வந்தது.

"நீரு இங்கனயே இரும். ஒரு ஆளும் பக்கத்துல வரக்கூடாது" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்து இரண்டாவது தம்ளர் பிடித்தார். அதுதான் அந்தப் பழுப்பு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரு வே வந்தது?"

"யாரும் வரல."

"நெசமா?"

"நெசமா. சுடலை வந்தாரு, போனாரு. அவ்வளவுதான்."

"சுடலை வந்தாரா?"

"அவரு வண்டிக்கு அவரு வராம?"

பாருங்கள் என் காவலை! கண்ணெதிரே ஒரு மனுஷர் வந்து, மூடியைத் திறந்து, எதையோ ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது உறைக்கவே இல்லை. வீட்டுக்காரன் வீட்டுக்குள் நுழைந்தால் யார் கவனிக்கிறார்கள்?

சுடலையைக் கூப்பிட்டோம். கையில் ஒரு சின்ன மண்கலயத்தோடு வந்தார். கேட்டதும் ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

"நம்ம பழைய தண்ணிதான் ஊத்துனேன் ஐயா. வாரா வாரம் ஊத்துததுதான்."

"வாரா வாரமா!"

"பீப்பாயை முழுசா வெறுமையா விடலாமா? வீட்டுல தண்ணிக் குடத்தை அப்படி விடுவாங்களா? கழுவுததுக்கு முந்தி அடியில ஒரு கலயம் புடிச்சு, துணி கட்டி வச்சுக்கிடுவேன். நெறச்ச பொறவு திருப்பி ஊத்திருவேன்."

"நான் ஒருநாளும் பாக்கலியே?"

"நீங்க பத்து மணிக்குப் போயிருவீங்க. சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான முடியுது? அதுக்கு முந்தி ஊத்துவாங்களா?"

கம்பவுண்டர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

சுடலை இன்னும் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், இந்த வண்டியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, குறுக்குத்துறையில் செல்லம்மா தன் கையால் ஆற்றில் மொண்டு பீப்பாயில் ஊற்றியதுதான் முதல் கலயமாம். அன்றிலிருந்து தொடர்ச்சி விட்டுப்போனதே இல்லை. "எந்த ஊருக் கெணத்துத் தண்ணி குடிச்சாலும், அதுக்குள்ள ஒரு பொட்டு தாமிரவருணியும் கெடக்கும்லா ஐயா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. மறைப்பானேன்? நாலு வருஷம். எத்தனை தோப்பு, எத்தனை கிணறு! எல்லாவற்றிலும் ஒரு துளி அந்தக் கலயத்துக்குள் சேர்ந்து சேர்ந்து, நாங்கள் போன ஊரெல்லாம் கூடவே வந்திருக்கிறது. நான் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்களில்கூட அத்தனை ஊர் இல்லை.

அதே மூச்சில் இன்னொன்றும் உறைத்தது. இந்தத் தோப்புக்கு வருமுன் அந்தக் கலயத்தில் கடைசியாகச் சேர்ந்தது எந்த ஊர்? வாந்திபேதிக்குப் பயந்து நாங்கள் பத்து மைல் ஓடி வந்தோமே, அது துணி கட்டிய கலயத்தில் எங்களுக்கு முன்னால் வண்டியேறி உட்கார்ந்து வந்திருக்கிறது!

கம்பவுண்டர் குழாயைத் திறந்துவிட்டார். பீப்பாய்த் தண்ணீர் முழுதும் தோப்பு மண்ணில் ஓடியது. சுடலை ஓடிப்போய்க் கலயத்தைக் குழாயடியில் நீட்டினார்.

"அதையும் விட்டுரும் சுடலை."

"மாட்டேன் ஐயா." முதன்முறையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "மத்ததெல்லாம் கொட்டுங்க. அவ கெடக்க கெடையில, என்னை ஒரு சொட்டு இல்லாம வெறுமையாக்கச் சொல்லுதீங்களே... நல்லா இருக்கா?"

கம்பவுண்டர் நினைத்திருந்தால் பிடுங்கிக் கொட்டியிருக்கலாம். அவர் கலயத்தைப் பார்த்தார், சுடலை முகத்தைப் பார்த்தார்.

"கொட்ட வேண்டாம்" என்றார் பைய. "கொதிக்க வையும். தளதளன்னு கொதிச்சு, ஆறின பொறவு, உம்ம பத்தரை மணிக்கே ஊத்தும். கலயத்தையும் வெந்நியில போட்டு எடும். தண்ணி அதே தண்ணிதான். ஒரு பொட்டு ஆறும் அதுல கெடக்கும். வந்த சீக்குதான் போகும்."

சுடலை தலையாட்டினார். அடுப்புப் பக்கம் நாலு எட்டு வைத்தவர் திரும்பினார்.

"ஐயா... அப்ப இதனாலதான் அவளுக்கா?"

நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடும் ஐயா, ஒரே ஒரு தடவை!

"ஆமா" என்றார் அவர். "ஆனா நீரு தெரியாம ஊத்துனீரு. பத்து மணிக்கே எந்திரிச்சுப் போனவன் நான். எல்லாம் தெரிஞ்ச நான்."

சுடலை கலயத்தை அடுப்பில் ஏற்றினார். கொதிக்கும் கலயத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விறகு தீர்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

செல்லம்மாவுக்கு அந்த நிமிஷத்திலிருந்து கொதித்து ஆறிய தண்ணீரும் கஞ்சியும் மட்டும். கரண்டி கரண்டியாக. ஞாயிறு கழிந்தது. திங்கட்கிழமை காலையில் கண்ணைத் திறந்து, "யாரு சோறு பொங்குதா? தீயுத வாடை வருது" என்றாள். கம்பவுண்டர் டெண்டுக்கு வெளியே வந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜெபமா, அழுகையா... நான் கேட்கவில்லை.

இதோடு முடிந்ததா? இல்லை. விஷயம் கேம்ப் முழுக்கப் பரவியது. சுடலையின் பீப்பாயை யாரும் தொடவில்லை. ஆளுக்கு ஒரு பானையோடு கிணற்றுக்கு நடந்தார்கள்.

"சுடலை அண்ணாச்சி, உம்ம பீப்பாயில மாட்டைக் குளிப்பாட்டலாமா?" என்றான் மைதீன். "இல்ல, மாடும் பயப்படுதா?"

சிரித்தார்கள். சுடலை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை கழுவினார், நிரப்பினார். கொதித்து ஆறிய கலயத்தைப் பத்தரைக்கு ஊற்றினார். பதினொரு மணிக்குத் தம்ளரில் பிடித்தால் ரோஜா நிறம் நின்றது. ஆடாமல், அசையாமல் நின்றது! கம்பவுண்டர் அதை உயரத் தூக்கி முப்பது பேருக்கும் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை ஆட்கள் பானையோடு புறப்படுகிற நேரம். டெண்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்லம்மா வெளியே வந்தாள். எழுந்து நடப்பது அன்றுதான் முதல். பத்தடி நடப்பதற்கு மூன்று இடத்தில் நின்றாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பீப்பாயடிக்கு வந்து வண்டியில் சாய்ந்துகொண்டாள்.

"இங்கேரும்" என்றாள் புருஷனிடம். "ஒரு தம்ளர் புடியும்."

சுடலை அசையவில்லை. "உனக்குக் காய்ச்சுன தண்ணி இருக்குட்டி."

"அதை நீரு குடியும். எனக்கு இதுல புடியும். எத்தனை நேரம் நிக்க? காலு நடுங்குதுல்லா!"

அவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் தலையசைத்தார். சுடலை தம்ளரைக் கழுவி, விளிம்பு வரை பிடித்து நீட்டினார். செல்லம்மா வாங்கி, அத்தனை பேர் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மைதீனைப் பார்த்தாள்.

"என்ன லே பாக்க? பானையை அங்கன வச்சிட்டு வரிசையில வா. இல்லேன்னா இன்னைக்கு உனக்குச் சோறு கிடையாது."

அடுத்த தம்ளர் என்னுடையது. துளிகூடப் பயமில்லாமல் குடித்தேன் என்று எழுதத்தான் ஆசை... கம்பவுண்டரும் இந்தப் பத்தியைப் படிக்கிறார், என்ன செய்ய!