அவர் கட்டிவந்த கைலி

பிள்ளைகளே, யாங்கோனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்றே ஒன்று இருந்தது. நேர்காணலுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று புது பேண்ட் போட்டுப் போனேன்.

"இங்க கைலிதான்யா கட்டணும்" என்று காவலர் வாசலிலேயே மறித்தார். பர்மாவில் மரியாதை உடை அதுதான். அடுத்தது என் முறை.

நேர்காணல் முடித்து வெளியே வந்த, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலா ஊர்க்காரர் ஒருவர், "வாங்கண்ணே, மாத்திக்குவோம்" என்று டீக்கடைப் பின்பக்கம் இழுத்துப்போனார். அவரும் அதே வேலைக்கு வந்தவர்தான். என் பேண்ட்டுக்கு அவர் தொப்பையில் பொத்தான் போட முடியவில்லை. சட்டையால் மறைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உள்ளே, வேலை எனக்குத்தான் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என் கைலிக்காவது வேலை கெடச்சுச்சே!" என்று சிரித்தார்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேனா? தினமும் வேலைக்குக் கைலி கட்டும்போது கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.