இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். உருப்படமாட்டான் என்றவர்கள் கண் முன்னாலேயே, ஒற்றைத் தையல் மெஷினை வைத்து ஆம்பூரில் ஷூ பட்டறை கட்டினேன், வீடு கட்டினேன், மகனை இன்ஜினியராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினேன்.

இப்போது அங்கே, அவன் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு விளையாட்டுக் கடையில் அந்த மகனோடுதான் மல்லுக்கு நிற்கிறேன். விடிந்தால் பேத்தி பள்ளித் தோழிகளோடு பனிமலைக்குப் போகிறாள், பலகையில் நின்று சறுக்க. சோல் ஒட்டிய இடத்தையும் தையலையும் வளைத்துப் பார்த்து, மெத்தென்ற நல்ல பூட்ஸாக எடுத்துக் கொடுத்தேன். மகன் அதையே இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கி அவளுக்கு மாட்டிவிடுகிறான்.

"வளர்ற பொண்ணுப்பா. ரெண்டு சாக்ஸ் போட்டா ஃபிட் ஆயிடும்."

பேத்தியை எக்கி நிற்கச் சொல்கிறேன். பூட்ஸுக்குள் குதிகால் தூக்குகிறது.

"பாருடா! பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் ஒரு பக்கம் திரும்பும். கணுக்கால் என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கு மட்டும் பட்டறையில ரெண்டு சைஸ் பெருசாத்தானே தெச்சுக் குடுத்தீங்க?"

"நீ ஸ்கூலுக்கு நடந்தே. மலையிலேர்ந்தா சறுக்கினே?"

விற்பனையாளரிடம் குதிகாலைக் காட்டி, "நோ லிஃப்ட்!" என்கிறேன்.

"யூ ஆர் ரைட், சார்!" என்று சிறிய ஜோடியைக் கொண்டு வருகிறார். விரல் நுனி பூட்ஸ் முனையை லேசாகத் தொடுகிறது, குதிகால் அசையவில்லை. பேத்தி குதித்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மகன் செல்போனில் மருமகளிடம், "கடைக்காரர் கரெக்ட் சைஸ் எடுத்துக் குடுத்தார்" என்கிறான்.

"எந்தக் கடைக்காரர்? அப்பா எடுத்துக் குடுத்தார்னு சொல்லுடா. போனை வைக்கிறதுக்குள்ள சொல்லு!"