ஈரக்கரிக்குள் இருந்த நெருப்பு

சென்ற மாதம் எங்கள் மொட்டைமாடியில் சோலார் தகடுகளைப் பொருத்தினார்கள். வேலையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்த இளைஞர், "வெயில் இருக்கறவரைக்கும் கரண்டு வரும் சார். தீர்ந்துபோற சமாச்சாரமே இல்ல" என்றார். தலையாட்டியபடி தகட்டின் அடிப்பக்கம் கையை வைத்தேன். சுருக்கென்றது. என் உள்ளங்கைக்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம். அது நேராக அறுபதுகளின் தொடக்கத்து நெய்வேலிக்குப் போய்விட்டது.

பத்திரிகை வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் நான் அங்கே கரிமேட்டுக் கிளார்க். சுரங்கத்திலிருந்து வரும் கரியை மின்நிலையத்தின் பின்னால் குவித்து வைப்பார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மேடு சூடேறியிருக்கிறதா என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கரி என்றதும் கறுப்பாக, கல்போல இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். பார்த்ததோ காப்பிப்பொடி நிறத்தில், தொட்டால் ஈரம் ஒட்டும் கட்டிகள். சிலவற்றில் மரப்பட்டையின் வரிகூட அப்படியே இருக்கும். எடையில் பாதி தண்ணீர் என்றார்கள். "இங்கே சேற்றைக் கொளுத்தி விளக்கெரிக்கிறார்கள்" என்று வீட்டுக்கு எழுதினேன். அப்பா அந்தக் கடிதத்தைத் தஞ்சாவூரில் எங்கள் தெருவில் பலருக்கும் படித்துக் காட்டி என் மானத்தை வாங்கினார்.

விஷயம் என்னவோ எளிதுதான். கரியைக் காயவைத்துப் பொடியாக்கி பாய்லருக்குள் ஊதுவார்கள். அது எரிந்து தண்ணீரை நீராவியாக்கும், நீராவி டர்பைனைச் சுழற்றும், அதோடு சுழலும் ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கும். ஆனால் கரிப்படுகைக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக பம்பு வைத்து இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது. பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கரி வேண்டும், கரிக்கு பம்பு வேண்டும். ஜெர்மன் இயந்திரம் தோண்டும், ரஷ்ய பாய்லர் எரிக்கும், நடுவில் பக்கத்துக் கிராமமான வடக்குத்துப் பெண்கள் இரும்புச் சட்டியோடு நிற்பார்கள்.

அவர்களில் ஒருத்தி அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். அதுவரை மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியவள், இப்போது கான்ட்ராக்ட் ஆள். தினமும் காலையில் மேஸ்திரி கேட்டில் நின்று மஸ்டர் என்ற ஆள்கணக்கு ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் வேலை. விடாமல் வந்தவர்களை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த சமயம் அது. அஞ்சலை ஒருநாள்கூடத் தவறியதில்லை.

குவித்த கரி உள்ளுக்குள் தானே சூடேறும், விட்டால் பற்றிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க என்னிடம் முழ நீளத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. பெண்களிடம் ஆளுயரக் கம்பி. அதை மேட்டில் செருகி, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் விட்டு உருவி, நுனியைப் புறங்கையால் தொடுவார்கள். கை பொறுக்கவில்லையென்றால் அங்கே தோண்டவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. படித்தவன் என்ற முறையில் நான் அதை மதிக்கவில்லை.

புது பாய்லர் ஒன்றைப் பற்றவைக்க நாள் குறித்திருந்தார்கள். முதலில் எண்ணெய், சூடு பிடித்ததும் கரி. அதற்கென்றே தனி மேடு குவித்திருந்தோம். பற்றவைப்பதற்கு முந்தின நாள் காலையில் மழை பெய்து வெயில் அடித்ததும் அதன் மேற்கு ஓரத்தில் மெல்லிய புகை. நான் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு 'சாதாரணம்' என்று எழுதினேன்.

"மழத்தண்ணி ஆவியாப் போவுது. ரெண்டு குடம் ஊத்திட்டு அடுத்த வேலையப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

"ஊத்துனா மேல குளுந்துடும். உள்ள?" என்றாள் அஞ்சலை.

"ஈரக்கரி எங்கனா பத்திக்குமா?"

"பச்ச மல்லாட்டக் கொடியப் போராப் போட்டு உள்ள கையி வுட்டுப் பாரு மேஸ்திரி. அப்பறம் பேசு."

அவள் கம்பியை உருவி என்னிடம் கொண்டுவந்தாள். "தம்பி, உங்க கண்ணாடிக் குச்சி மேலாப்புலதான் பாக்குது. இத்தத் தொட்டுப் பாருங்க." நான் புறங்கையை மறந்து முழுக்கையால் பிடித்தேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். "தஞ்சாவூரு கையி, வெந்துபூட்ச்சி" என்றாள் ஒருத்தி.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு பாய்லருக்குப் போற மேடு. அதக் கலச்சா நாளையிலருந்து உம் பேரக் கூப்புட மாட்டேன்."

"நாளைக்குக் கூப்புடு, கூப்புடாத. இன்னிக்கு எம்பேரு இருக்குது இல்ல?" புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மண்வெட்டியை இறக்கினாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகச் சட்டியை எடுத்தார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் கங்கு தெரிந்தது. காற்றுப் பட்டதும் சீறியது. அள்ளி அள்ளித் தரையில் மெல்லிசாகப் பரப்பி, மண்ணைப் போட்டு மிதித்தார்கள். கொண்டுவந்த கூழ் அப்படியே கிடந்தது. இரண்டாம் ஷிஃப்ட் சங்கு ஊதியபோது மேட்டில் கால்பங்கு போயிருந்தது. முக்கால்பங்கு பிழைத்தது.

நான் 'சாதாரணம்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 'தவறு. உள்ளே நெருப்பு. கண்டவர் அஞ்சலை, வடக்குத்து.' கையெழுத்திட்டு இன்ஜினீயர் மேசையில் வைத்தேன். எனக்கும் வேலை அப்போது நிரந்தரமில்லை. பின்னாளில் பத்திரிகையில் எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன், அவ்வளவு பயந்து ஒன்றும் எழுதியதில்லை.

மறுநாள் பாய்லர் பற்றியது. கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த காடு, அந்த மேடு, சில மணி நேரத்தில் தீர்ந்தது. அன்று காலை கேட்டில் மேஸ்திரி, சொன்னபடியே எல்லோர் பெயரையும் கூப்பிட்டு அஞ்சலையை விட்டுவிட்டார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை கேட்டருகே நின்றாள். இரண்டாம் நாளும் நின்றாள்.

"எதுக்கு அக்கா காஞ்சிகினு நிக்கற? வூட்டுக்குப் போயேன்" என்றாள் ஒருத்தி.

"நான் வரலன்னு எவனும் எழுதிடக் கூடாது. நிக்கறேன்."

மூன்றாம் நாள் காலை இன்ஜினீயர் என் பதிவேட்டை அக்குளில் இடுக்கியபடி கேட்டுக்கு வந்தார். மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். மேஸ்திரி மஸ்டரைப் பார்த்தபடி, தலைநிமிராமல், "அஞ்சலை" என்றார்.

"இருக்கேங்க!" பஸ் நிறுத்தம்வரை கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் அவள் பர்மனென்ட் ஆனாள் என்று கேள்வி. நான் அதற்குள் சென்னைக்கு வந்துவிட்டேன். அந்த முதல் மின்நிலையம் இப்போது ஓடுவதில்லை. அண்மையில் ஒரு வேலையாக நெய்வேலிக்குப் போனபோது, புது மின்நிலையத்தின் கேட்டில் காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து ஒரு சின்னப் பெட்டியில் விரலை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்கள். யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை.