மாயக்காள் அந்தமான் போய் வந்தது

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் அவனியாபுரத்தில் மூன்று லேத் மெஷின் ஓடுகிற பட்டறை என்னுடையது. இரவல் சுத்தியலோடு தொடங்கியவன் நான். என்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே என் சம்சாரம் மாயக்காளைப் பற்றி எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர்களின் மகள். கல்யாணம் ஆன மறுவாரமே என்னை எதிர்த்துப் பேசினாள். பட்டறைக்குத் தகரக் கூரை போதும் என்றேன், ஓடு போடச் சொன்னாள். இரண்டாவது மெஷின் வேண்டாம் என்றாள், வாங்கினேன். முப்பத்தெட்டு வருடமாக நான் இது என்றால் அவள் அது என்பாள். அவளோடு மல்லுக்கட்டித்தான் நான் முன்னுக்கு வந்தேன்.

பட்டறையை ஒட்டிய மாட்டுக்கொட்டத்தில் செவலை என்று ஒரு காளை வைத்திருந்தோம். தாய் செத்த கன்று. பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தது மாயக்காள். மூன்று பொங்கலுக்கு ஜல்லிக்கட்டில் யார் கையிலும் அது பிடிபடவில்லை. பீரோ, கிரைண்டர், சைக்கிள் எல்லாம் என் பேரை மைக்கில் சொல்லித்தான் கொடுத்தார்கள். போன கார்த்திகையில் வயிறு உப்பி ஒரே பகலில் செத்துப்போனது. மேளம் வைத்து, மாலை போட்டு, கண்மாய்க் கரையில் புதைத்தோம். அம்புட்டுக் கூட்டம் இந்தத் தெருவில் ஒரு மனுசன் சாவுக்கும் வந்ததில்லை.

அன்றிலிருந்து மாயக்காள் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்றாள். கொட்டத்தை இடித்துவிட்டு நாலாவது மெஷினைப் போடலாம் என்றான் மகன் சிவக்குமார். சண்டைக்கு வருவாள் என்று நான் காத்திருந்தேன். அதற்கும் சரி என்றாள். எனக்கு என்னவோ போல இருந்தது. அவள் மறுபடி என்னோடு சண்டை போட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் தலைக்கு மேல்தான் தினமும் விமானம் இறங்கும். அதில் ஒருநாள் ஏற வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்லுவாள். சித்திரையில் அந்தமானுக்கு டிக்கெட் போட்டேன். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புவது.

ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். மேகத்தைப் பார்த்தாள். முன்சீட்டின் முதுகையும் அதே மாதிரி பார்த்தாள். அங்கே போய் ஜெயிலைப் பார்த்தோம். அடியில் கண்ணாடி பதித்த படகில் போனோம். காலுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாக மீன் ஓடியது. நல்லாத்தான் இருக்கு என்றாள். சர்க்கரை வியாதிக்காரன் நான், அவள் கண்ணெதிரே வேண்டுமென்றே இரண்டு குலாப் ஜாமூன் தின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஊரில் நாலேமுக்காலுக்கே வெளிச்சம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால், குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள். செவலைக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம் அது. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன்.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் அவளுடைய பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். அங்கிருந்து எடுத்துப்போகக் கூடாத சிப்பி, பவளம் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம். அதிகாரி உள்ளே கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவிழ்த்தார். வாழைப்பழத் தோல். இரண்டு நாளும் லாட்ஜில் எல்லார் தட்டிலும் மிஞ்சியதைச் சேர்த்திருக்கிறாள், கறுத்துப்போய்க் கிடந்தது. மாடு வைத்திருக்கிற வீட்டில் தோலைக் குப்பையில் போட மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். லாரி டிரைவர்களோடு பழகி எனக்கு இந்தி வரும். அதிகாரி கேட்டதை அவளிடம் சொன்னேன்.

“இது என்னத்துக்குன்னு கேக்குறாரு.”

“செவலைக்கு.”

சொல்லிவிட்டுத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கவரை வாங்கி முடிச்சுப் போட்டு, தானே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய பையை நான் மூடித் தூக்கிக்கொண்டேன்.

வீடு வந்ததும் சிவக்குமாரைக் கூப்பிட்டு, கொட்டத்தை இடிக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டான். பட்டறை என்னுடையது என்றேன். மாயக்காள் கீழே உட்கார்ந்து பையிலிருந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“எடம் சும்மா கெடந்து என்ன ஆகப்போகுது? புது மிசின மழையில நனைய விடுவீகளா?”

“இடிக்க மாட்டேன்.”

“இடிங்க” என்றாள்.

இதை எழுதுகிற இன்றைக்கும் கொட்டம் நிற்கிறது. இடிக்கச் சொல்லி அவளும், முடியாதென்று நானும் தினம் ஒருமுறையாவது பேசிவிடுகிறோம்.